சோலை போட்ட மூன்று வரி

மதுரையில் பாடநூலும் நோட்ஸும் அடிக்கிற எந்த ஆபீஸில் கேட்டாலும் 'சோலை போடுவது' என்றால் என்னவென்று சொல்லிவிடுவார்கள். கதையிலோ கட்டுரையிலோ வம்பு வரும் என்று தோன்றுகிற வரியை எடுத்துவிட்டு, எடுத்த இடம் தெரியாதபடி, அதே அளவுக்கு வேறு எதையாவது எழுதி அடைப்பதற்குப் பெயர் சோலை போடுவது. வெறுமனே வெட்டினால் அது வெட்டு, அவ்வளவுதான். வெட்டி, அடைத்து, பூசி, இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்கிற மாதிரி வைத்தால்தான் அது சோலை. "அம்பதாம் பக்கத்துல கள்ளுக்கடை வருது, ஒரு சோலை போட்டுருங்க" என்பார்கள். "இந்தக் கதையில சோலை போடவே முடியாது, முழுசுமே வில்லங்கம்" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு.

தோப்பு, தோட்டம் என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சோலை என்பது ஓர் ஆளின் பெயர். அந்த ஆள் இருபத்திரண்டு வருஷமாக என் மேஜைக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். நான் டைப் அடிப்பவள், சத்யப்ரியா. அவர் புரூஃப் பார்ப்பவர். தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் பதிப்பகம். அதன் பெயர் இங்கே வேண்டாம், எனக்கு இன்னும் அங்கேதான் சம்பளம்.

போன வருஷம் வெளியூர்ப் பதிப்பகம் ஒன்றிலிருந்து போன் வந்தது. நான் சாப்பிடப் போயிருந்ததால் சோலை அண்ணன் எடுத்திருக்கிறார். "சார், நாம சேர்ந்து போடுற புக்குல நாலாவது பாடத்துல ரெண்டு சோலை போடணும்" என்றதாம் ஒரு சின்னப் பெண்ணின் குரல். அவர், "சரிம்மா, போட்டுரலாம்" என்றிருக்கிறார். "உங்க பேரு சார்?" என்று கேட்டதற்கு, "புரூஃப் செக்சன்னு எழுதிக்கங்க" என்று வைத்துவிட்டார். இதை என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

வார்த்தை பிறந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஆபீஸின் கோணல் புத்தியில் இருந்து தொடங்க வேண்டும். உலகத்தில் எல்லாரும் முதலில் பாடப் புத்தகத்தை அடித்துவிட்டு அப்புறம் நோட்ஸ் அடிப்பார்கள். நாங்கள் நோட்ஸை முதலில் அடித்துவிடுவோம். பிள்ளைகள் அதைத்தான் வாங்குகிறார்கள், புத்தகத்தை யார் தொடுகிறார்கள் என்பது முதலாளி ஹாலாஸ்யம் சாரின் கணக்கு. நோட்ஸில் 'பக்கம் 41, மூன்றாம் பத்தி பார்க்க' என்று அச்சாகிவிட்ட பிறகு புத்தகத்தில் ஒரு வரி குறைந்தால், பின்னால் உள்ள பக்கமெல்லாம் நகர்ந்து நோட்ஸ் முழுவதும் பொய்யாகிவிடும். ஆகவே எடுக்கிற எழுத்துக்குச் சமமாக எழுத்து போட்டே ஆக வேண்டும்.

நான் சேருவதற்கு முன்னால் நடந்தது இது. ஒரு கல்லூரிப் பாடத்தில் முதலிரவு வரி ஒன்று வந்துவிட்டது. நோட்ஸ் அச்சாகி மூட்டை கட்டியாயிற்று. ஹாலாஸ்யம் சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சோலை அண்ணன் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம்கூட ஆகாத காலம். எழுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, 'வெளியே வானம் இருண்டிருந்தது. இலேசாகத் தூறல் விழுந்தது' என்று எழுதி நீட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றிலிருந்து எங்கே வம்பு வந்தாலும் அங்கே மழை பெய்தது. சண்டை, சாராயம், சாதி, கட்சி, சாமியைத் திட்டுவது எல்லாவற்றின் மேலும் மழை. "ஏண்ணே எப்பப் பாரு மழையையே போடுறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மழைன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க சத்யா. மழை பேஞ்சதுன்னு எவனும் கேஸ் போட்டதில்லை" என்றார்.

கேஸ் போடவில்லை, உண்மைதான். ஆனால் ஒரு வருஷம் பரீட்சையில் கேள்வி வந்துவிட்டது: 'இக்கதையில் மழை பெறும் இடத்தை விளக்குக.' பத்து மதிப்பெண். பிள்ளைகளும் விளக்கித் தள்ளியிருக்கிறார்கள். ஹாலாஸ்யம் சார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இனிமே இதுக்கு சோலை போடறதுன்னே பேர் வெச்சுடலாம்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அச்சகத்துக்காரர்கள் வாயில் விழுந்து, பைண்டிங் ஆட்கள் வாயில் விழுந்து, அப்படியே ஊர் சுற்றப் போய்விட்டது.

நாங்களும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முப்பத்தொரு வருஷம் ஒரு மனிதன் காலையில் வந்து உட்கார்ந்து, அடுத்தவர்கள் உயிரைக் கொடுத்து எழுதினதில் மழையை ஊற்றிவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறிப் போனால் அவனுக்குள் என்ன மிஞ்சும் என்று யோசித்ததே இல்லை. கொஞ்ச வருஷமாகவே அவர் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். டீ வந்தால் ஆறிப்போகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "உடம்புக்கு என்னண்ணே?" என்றால், "உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா" என்பார். மற்றதை நான் கேட்டதில்லை. ஊர் திருவாதவூர் என்று தெரியும், எந்தத் தெரு என்றும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எங்களைப் போன்றவர்கள் நினைத்துக்கொள்கிறோம். கேட்டால் அவர் சொல்வதற்கு நாமும் ஏதாவது பதில் சொல்ல நேருமே என்கிற பயமும் அதில் இருக்கிறது.

இந்த வருஷம் ஒரு கல்லூரியின் முதலாண்டுப் பொதுத்தமிழுக்குக் கதைகள் வந்தன. அதில் ஒன்று பவதாரிணி என்கிற பெண் எழுதியது. அவளும் திருவாதவூர்தான். கப்பலூரில் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை, போக வர பஸ்ஸிலேயே கதை எழுதுகிறவள். கதையில் பாண்டியம்மாள் என்றொருத்தி நாற்று நடப் பக்கத்து ஊருக்குப் போகிறாள். சித்திரை மாதம், தாகம். டீக்கடையில் அவள் தெருக்காரர்களுக்குத் தனி கிளாஸ், மற்றவர்களுக்குத் தனி கிளாஸ். அவள் மற்றவர்கள் கிளாஸை எடுத்துக் குடித்துவிடுகிறாள். அதற்குக் கடைக்காரன் என்ன செய்தான், ஊர் என்ன செய்தது என்பது அடுத்த மூன்று வரி. மறுநாள் அவள் திரும்பவும் அதே கடைக்குப் போய் அதே கிளாஸில் டீ கேட்பதோடு கதை முடிகிறது.

கல்லூரியிலிருந்து போன் வந்தது. கதை அருமை, அந்த மூன்று வரி மட்டும் வேண்டாம், பிள்ளைகளுக்குள்ளே மனஸ்தாபம் வரும் என்றார்களாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஹாலாஸ்யம் சார் சோலை அண்ணன் மேஜைக்கே வந்தார்.

"சின்ன விஷயம்தான், மூணே வரி. ஒரு சோலை போட்டுடுங்கோ. நோட்ஸ் வேற அடிச்சாச்சு."

"நாளைக்குத் தாரேன் சார்" என்றார் சோலை அண்ணன்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் நாளைக்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை. பத்து நிமிஷத்தில் எழுதித் தருகிற ஆள். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். விஷயம் எனக்குத் தெரிய வந்தது ரெண்டு மாதம் கழித்துத்தான். கதையில் வருகிற பாண்டியம்மாள் அவரைப் பெற்ற தாய். நடந்தது நடந்தபடி. பவதாரிணி அந்தம்மாவிடமே உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறாள். "பேரை மாத்தாத தாயி, என் பேருலயே எழுது" என்று சொன்னதும் அந்தம்மாதான். எழுபத்தாறு வயசு. எழுத்துத் தெரியாது. தன்னுடைய கதை காலேஜ் புத்தகத்தில் வரப்போகிறது, அதுவும் மகன் வேலை பார்க்கிற ஆபீஸிலேயே அச்சாகிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, புத்தகம் வந்ததும் மகனே வந்து வாசித்துக் காட்ட வேண்டுமென்று காத்திருந்திருக்கிறார்.

மறுநாள் சோலை அண்ணன் ஒரு துண்டுத் தாளைக் கொண்டுவந்தார். எழுத்து எண்ணி ஓரத்தில் குறித்திருந்தார். 'அந்த நேரம் பார்த்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தூறலாகத் தொடங்கிய மழை வலுத்தது. பாண்டியம்மாள் கடை ஓரமாக ஒதுங்கி நின்றாள். கூரை ஓரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் வாசலில் தேங்கி, மண்ணைக் கரைத்துக்கொண்டு, தெருவோடு சின்ன ஓடையாக ஓடுவதை அவள் வெகுநேரம் வேடிக்கை பார்த்தாள். உச்சிப்பொழுது வரை மழை விடவில்லை.'

"என்னண்ணே, சித்திரையில மழையா?" என்று கிண்டலாகக் கேட்டேன். என் நாக்கில் தீயை வைக்க.

"கோடை மழைன்னு வச்சுக்க" என்றார்.

பழைய மூன்று வரியையும் மவுஸால் இழுத்து, ஒரு தட்டுத் தட்டி அழித்துவிட்டு மழையை அடித்தேன். அழித்ததை நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. போகப்போகிற வரியை யார் படிப்பார்கள்? பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. அச்சாகி வந்ததைப் படித்தால், ஒருத்தி டீக்கடையில் டீ குடித்தாள், மழை வந்தது, ஒதுங்கி நின்றாள், வீட்டுக்குப் போனாள், மறுநாளும் டீ குடிக்க வந்தாள் என்று இருந்தது. இது ஒரு கதையா என்று பிள்ளைகள் கேட்டால் அவர்கள் மேல் தப்பில்லை.

புத்தகம் வெளியான வாரம் பவதாரிணி அவருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் இல்லாவிட்டாலும் எதிர் மேஜைக்குக் கேட்டது.

"அண்ணே, திருத்துற உரிமை பதிப்பகத்துக்குன்னு உங்க ஆபீஸ் அனுப்புன லெட்டர்ல இருந்துச்சு. நீங்க அங்க இருக்கீங்கன்னுதாண்ணே நம்பிக் கையெழுத்துப் போட்டேன்."

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். "வேற யாராச்சும் வெட்டியிருந்தா இன்னும் மோசமா வெட்டியிருப்பாங்க தாயி" என்று ஆரம்பித்தார். அதற்குள் அவள் வைத்துவிட்டாள். அப்போதுதான் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, "முடியாதுன்னு சொல்லியிருக்கலாம் சத்யா. சொன்னா, இவன் அவங்க ஆளு, அதான் குதிக்கிறான்னு பேசுவாங்க. இத்தனை வருசம் யார் யார் கதையிலயோ போட்டுட்டு, எங்க ஆத்தா கதையின்ன ஒடனே முடியாதுன்னு எந்த வாயால சொல்றது?" என்றார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ரெண்டையும் காட்டிக்கொள்ளாமல் தண்ணீர் குடித்தேன்.

அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்கே போகவில்லை. நான்காவது வாரம் என்னிடம் வந்து ஓர் உதவி கேட்டார்.

"என்கூட ஊருக்கு வாரியா? நீ வாசிச்சுக் காட்டு. எனக்குக் குரல் வராது. பழைய மூணு வரியையும் இந்தத் தாள்ல எழுதி புக்குக்குள்ள வச்சிருக்கேன். அந்த எடம் வரும்போது இதப் பாத்து வாசிச்சிரு. ஆத்தாவுக்கு எழுத்துத் தெரியாது, கண்டுபிடிக்காது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வெட்டினதைத் திரும்ப வைக்கிறார், அது ஒரு கிழவியின் காதுக்குள் மட்டுமாவது இருக்கட்டுமே என்று நினைத்தேன். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம். ஒத்தக்கடை தாண்டியதும் அவர் மடியில் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவ்வளவு களைத்த முகத்தை நான் ஆபீஸில் ஒருநாளும் பார்த்ததில்லை.

அம்மா இருப்பது அவருடைய தம்பி வீட்டில். காங்கிரீட் வீடு, கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பாண்டியம்மாள் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு எனக்கு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். சின்ன உருவம். கலர் குடித்துத்தான் ஆக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். மகன் முகத்தை ஒரு தடவை பார்த்தார், புத்தகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"நீ வாசிக்கலியாடா?"

"கண்ணு சரியில்ல ஆத்தா. இவ நல்லா வாசிப்பா."

"சரி. வாசி தாயி" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

வாசித்தேன். நாற்று நடுகிற இடம், தாகம், கடை, கிளாஸ். அந்த இடம் வந்தது. பக்கத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. நான் தாளைப் பார்த்தேன். சோலை அண்ணனின் குண்டு குண்டான கையெழுத்து. என் கையாலேயே அழித்த மூன்று வரியை அப்போதுதான் முதல் முதலாக முழுசாகப் படித்தேன்.

'அவள் சாதியைச் சொல்லி ஏசிய கடைக்காரர், அந்த கிளாஸை அவள் கையிலேயே கொடுத்து, உச்சிப்பொழுது வரை அதைத் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நிற்க வைத்தார். ஊர் கூடி வேடிக்கை பார்த்தது, யாரும் வாய் திறக்கவில்லை. அவளுடைய ஏழு வயது மூத்த மகன் மட்டும் ஒவ்வொருவர் காலாகப் போய்ப் பிடித்து, எங்க ஆத்தாவ விடச் சொல்லுங்க என்று அழுதான்.'

அதை வாசித்து, மீதியையும் வாசித்து முடித்தேன். சோலை அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் கண்ணை மூடிக் கேட்டவர் மூடியபடியே இருந்தார்.

"நல்லா வாசிச்ச தாயி. அம்புட்டும் நெசம்" என்றார். பிறகு கண்ணைத் திறந்தார். "வியாழக்கெழம பக்கத்து வீட்டுச் சரண்யாதேவி வந்து வாசிச்சா. அவளுக்கு இது காலேஜுல பாடமாம். அவ வாசிச்சதுல நான் மழைக்கு ஒதுங்கி நிக்கிறேன். என்னடா இதுன்னு மறுக்கா வாசிக்கச் சொன்னேன். மறுக்காவும் மழைதேன் பேஞ்சுச்சு."

பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று நம்பிக்கொண்டிருந்த ஆபீஸ் எங்களுடையது. அதே தெருவில், அடுத்த வீட்டில், புத்தகத்தைப் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"ஏண்டா, புத்தகத்துல எது இருக்கு?" என்று மகனைக் கேட்டார்.

"மழைதான் ஆத்தா இருக்கு."

"பவதாரிணியா மாத்துனா?"

"இல்ல ஆத்தா. நாந்தேன்."

"மெரட்டுனாங்களா ஒன்னய?"

"இல்ல."

"வேலைய விட்டுத் தூக்கிருவேன்னாங்களா?"

"அப்பிடியெல்லாம் யாரும் சொல்லல ஆத்தா. போட்டுருங்கன்னாங்க. போட்டுட்டேன்."

அடித்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி, எழுத்துத் தெரியாத அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் தேவலை.

"கடைக்காரன் ஏசுனத வெட்டுன, போகட்டும். ஊரு வேடிக்க பாத்தத வெட்டுன, அதுவும் போகட்டும், அவிங்களுக்கு வெக்கமா இருக்கும். அம்புட்டுச் சனத்துல எனக்குன்னு அழுதது ஒரே ஒரு உசுருதேன்டா. அம்பது வருசமா அத நெனச்சு நெனச்சுத்தேன் அந்த வெயில நான் ஆத்திக்கிட்டு வாரேன். அந்தப் புள்ளையையுமாடா வெட்டிப்புட்ட?"